கன்ன எலும்புக் குறைப்பு சரியாக அமையவில்லையா? கொரியாவில் மறு அறுவைக்குப் போகும் முன்

2022 அக்டோபரில் சியோலின் காங்னாம் பகுதியில் உள்ள ஒரு கிளினிக்கில் கன்ன எலும்பைக் குறைக்கும் அறுவை செய்துகொண்டேன். எலும்பை வெட்டி உள்ளே தள்ளி, தகடும் திருகும் போட்டுப் பொருத்துகிற அறுவை அது. மூன்றாவது மாதம் சப்பாத்தியை மென்றாலே இடது கன்னத்துக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. ஐந்தாவது மாதம் இடது கன்னம் வலதைவிடக் கீழே இறங்கியிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. 2024 ஜனவரியில் மறு அறுவை முடிந்தது. நடுவில் போன ஒரு வருடத்தில் பாதிக்கு மேல் வீண். முதலில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குச் சொல்லாமல் செய்துகொண்ட அறுவை அது. அதனால் சிக்கல் வந்தபோது அம்மாவிடமும் அழ முடியவில்லை. நீங்களும் அப்படி ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால், கீழே இருப்பதை வரிசை மாறாமல் செய்யுங்கள். நான் மருத்துவர் இல்லை. உங்கள் முகத்துக்கு எது சரி என்பதை உங்கள் ஸ்கேனைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்த மருத்துவர் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்காமல் இருப்பது எப்படி என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

1. எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது

காய்ச்சல், வாய்க்குள் சீழ் அல்லது கெட்ட நாற்றம், குறைந்துவந்த வீக்கம் திடீரென்று ஏறுவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைவது ஆகியவை இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கொரியாவில் இருந்தால் ஆம்புலன்ஸுக்கு 119. இது மறு அறுவைக்குத் திட்டம் போடும் நேரம் இல்லை.

மரத்துப்போன மேலுதடு, கன்னத்தில் தொடுவுணர்வு இல்லாமை, புருவம் ஒருபக்கம் தூக்க வராமை, லேசான ஏற்றத்தாழ்வு ஆகியவற்றில் பெரும்பாலானவை மாதக்கணக்கில் மெல்லச் சரியாகக் கூடியவை. நரம்பு திரும்பி வர ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். அழகுக்காக மட்டும் திருத்தம் வேண்டும் என்றால் குறைந்தது ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். வீக்கம் முழுக்க வடிவதற்கு முன் அளவெடுத்தால் அளவு தப்பும்.

மெல்லும்போது சத்தம், கன்னத்தில் விரல் வைத்துப் பல்லைக் கடித்தால் உள்ளே ஏதோ நகர்வது போன்ற உணர்வு, கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு பள்ளம் தட்டுப்படுவது ஆகியவை நடுவில் நிற்கிற விஷயங்கள். அறுவைக்கு அவசரம் வேண்டாம், ஆனால் ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 'வீக்கம் வடிந்தால் சரியாகும்' என்று கிளினிக்கில் சொன்னதை நம்பி நான் ஐந்தாவது மாதம்வரை உட்கார்ந்திருந்தேன். அதுவரை எலும்பு இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னொன்று: நகர்கிறதா என்று தினமும் அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். சேர முயலும் எலும்பை நீங்களே அசைக்க வேண்டாம்.

2. கோபத்தைக் காட்டும் முன் பேப்பர்களை வாங்குங்கள்

இதைத்தான் நான் கடைசியில் செய்தேன். நீங்கள் முதலில் செய்யுங்கள். சண்டை தொடங்கிய பிறகு கேட்டால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வாரம் இழுக்கும். 'வேறு சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது' என்று அமைதியாகக் கேட்டாலே போதும்.

கொரிய மருத்துவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி உங்கள் பதிவேட்டைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நியாயமான காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. மறுத்தால் அந்தப் பகுதியின் பொதுச் சுகாதார மையத்தில் புகார் செய்யலாம். கொரியர்கள் அதை 'போகோன்சோ' என்பார்கள். அந்தச் சொல்லை மரியாதையாக ஒருமுறை சொன்னதும் எனக்கு இரண்டு நாளில் நகல்கள் வந்தன. சிகிச்சைக் குறிப்பையும் அறுவைப் பதிவையும் 10 வருடமும் கதிர்ப்படங்களை 5 வருடமும் மருத்துவமனை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 'பழசு, இல்லை' என்ற பதிலை ஏற்க வேண்டாம். கிளினிக் மூடிப்போயிருந்தாலும் விசாரிக்க வேண்டிய முதல் இடம் அதே சுகாதார மையம்தான்.

கேட்க வேண்டியவை:

அறுவைப் பதிவு. கொரியத்தில் 'சுசுல் கிரோக்ஜி'. எலும்பை எங்கே வெட்டினார்கள், எத்தனை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினார்கள், எங்கெங்கே தகடும் திருகும் போட்டார்கள் என்பது இதில் இருக்கும். மறு அறுவை செய்பவருக்கு இதுதான் உயிர். எனக்கு முன்பக்கம் ஒரே ஒரு தகடு, கன்ன எலும்பு காதுப் பக்கம் நீளும் வளைவில் எதுவுமே இல்லை என்பது இதைப் படித்தபோதுதான் தெரிந்தது. ஆலோசனையின்போது 'உறுதியாகப் பொருத்துவோம்' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

தகடு, திருகின் ஸ்டிக்கர். பெட்டியிலிருந்து கிழித்துப் பதிவேட்டில் ஒட்டியிருப்பார்கள். எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று அதில் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி திருகின் தலை வேறு, அதைக் கழற்றும் கருவியும் வேறு. பழைய திருகைக் கழற்ற எந்தக் கருவி வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மயக்கத்தில் கிடக்கும் நேரம் குறையும்.

அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.டி. ஸ்கேன், டிஸ்க்கில். கவனியுங்கள், கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்துத் தருவதும் சுழலும் முப்பரிமாணப் படத்தை மட்டும் தருவதும் போதாது. ஸ்கேனின் மூலக் கோப்புகளான 'டைகாம்' கோப்புகள் வேண்டும் என்று கேளுங்கள். அவை இருந்தால்தான் அடுத்த மருத்துவர் எலும்பை ஒவ்வொரு வெட்டாகப் பார்க்க முடியும்.

இவற்றோடு மயக்க மருந்துப் பதிவு, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகல், கட்டண விவரப் பட்டியல் ஆகியவற்றையும் வாங்குங்கள்.

செலவு பயப்படும்படி இல்லை. அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது: நகலுக்கு முதல் 5 பக்கம் வரை பக்கத்துக்கு 1,000 வோன், 6-ஆம் பக்கத்திலிருந்து 100 வோன். படங்கள் சி.டி. டிஸ்க்கில் 10,000 வோன், டி.வி.டி.யில் 20,000 வோன். அதற்கு மேல் கேட்டால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றால் கொரியாவில் இருக்கும் நண்பர் மூலம் வாங்கலாம். உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல், அவருக்கு அதிகாரம் தரும் கடிதம், உங்கள் பாஸ்போர்ட் நகல், அவருடைய அடையாள அட்டை ஆகியவை வேண்டும். படிவத்தை அந்த மருத்துவமனையிடமே முதலில் கேட்டு வாங்கி நிரப்புங்கள். என் தோழி ஒருத்தி சொந்தமாக எழுதி அனுப்பி, இரண்டு முறை திரும்பி வந்தது.

3. எலும்பா, சதையா? இது தெரியாமல் ஒரு வோன்கூடக் கட்டாதீர்கள்

கன்னம் தொங்குகிறது என்று நீங்கள் போய் நின்றால், அதற்கு ஒரே காரணம் இல்லை. கண்ணாடியில் ஒரே மாதிரி தெரிகிற தொங்கலுக்கு உள்ளே மூன்று நான்கு வேறு கதைகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு சிகிச்சை.

வெட்டிய எலும்பு சேராமல் இருப்பது ஒன்று. கொரியத்தில் 'புல்யுஹப்' என்று சொல்வார்கள். பல்லைக் கடிக்கும்போது தாடையோரம் புடைக்கிறதே ஒரு தசை, அது மேலே கன்ன எலும்பில்தான் பற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மெல்லும்போதெல்லாம் அது எலும்பைக் கீழே இழுக்கும். பொருத்தியது வலுவாக இல்லையென்றால் துண்டு மெல்ல மெல்ல இறங்கும். சத்தம், வலி, பள்ளம் எல்லாம் அங்கிருந்து வருபவை. இதற்குத் தீர்வு, மறுபடி திறந்து, இடையில் வளர்ந்த நார்த்திசுவைச் சுத்தம் செய்து, எலும்பின் விளிம்பைப் புதிதாக்கி, மேலே தூக்கித் தகடு போடுவது. இடைவெளி பெரிதென்றால் உடலின் வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் தப்பான இடத்தில் என்பது இரண்டாவது. அப்போது மறுபடி வெட்டித்தான் நகர்த்த முடியும். வளைவு அதிகமாக உள்ளே அழுந்தியிருந்தால், வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் முனை அதில் இடிக்கும். மூன்று விரல் நுழையும்படி வாய் திறப்பதுதான் சாதாரணம். உங்களுக்கு ஒன்றரை விரல்தான் நுழைகிறது என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எலும்பு நன்றாகச் சேர்ந்து சரியான இடத்தில் இருக்க, தாங்கல் குறைந்து சதை மட்டும் இறங்கியிருப்பது மூன்றாவது. இதற்கு எலும்பைத் தொட வேண்டியதே இல்லை. சதையைத் தூக்கும் சிகிச்சைகள் தனி. அளவுக்கு மீறிக் குறைத்துவிட்ட முகத்துக்குக் கொழுப்பு நிரப்புவது, எலும்பை வெளியே நகர்த்துவது என்று வேறு வழிகள்.

ஐந்தாவது மாதம் நான் போன ஓர் இடத்தில், பழைய ஸ்கேனைக்கூடக் கேட்காமல், நூல் போட்டுக் கன்னத்தைத் தூக்கலாம் என்று அன்றே பணம் கட்டச் சொன்னார்கள். எலும்பு கீழே கிடக்க, தோலை மட்டும் நூலால் மேலே கட்டுவது! கட்டியிருந்தால் பணமும் போய், எலும்பும் அப்படியே கிடந்திருக்கும்.

ஆகவே புதிதாக ஒரு சி.டி. ஸ்கேன் எடுங்கள். முக எலும்பு முழுக்க, 1 மில்லிமீட்டருக்கு மேல் போகாத மெல்லிய வெட்டுகளாக. கதிரியக்கம் உள்ள சோதனை என்பதால் போகிற இடமெல்லாம் எடுக்க வேண்டாம். ஒன்றை நன்றாக எடுத்து அதையே எல்லாரிடமும் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஸ்கேனில் கோடு தெரிந்தாலே பயந்துவிடாதீர்கள். வெட்டிய இடத்தில் இடைவெளி பல மாதம் தெரியக்கூடும். எலும்பு அசையவில்லை, வலியோ சத்தமோ இல்லை, இடம் மாறவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம் என்றே நல்ல மருத்துவர்கள் சொல்வார்கள். எனக்கு வலது பக்கமும் ஒரு கோடு இருந்தது. மறு அறுவையில் அதைத் தொடவில்லை.

4. யாரிடம் போவது

குறைந்தது மூன்று கருத்து கேளுங்கள். அதில் ஒன்றாவது இந்த அறுவையை விற்காத இடமாக இருக்கட்டும். பல்கலைக்கழகப் பல் மருத்துவமனைகளில் வாய், தாடை, முக அறுவைத் துறை இருக்கும். சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பல் மருத்துவமனை, யோன்செய் பல்கலைக்கழகப் பல் மருத்துவமனை போன்றவை. விபத்தில் உடைந்த முக எலும்பைத் தினமும் பொருத்துகிறவர்கள் அவர்கள். சேராத எலும்பு அவர்களுக்குப் புதிதல்ல. சந்திப்பு கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம், பேசும் நேரமும் குறைவு. ஆனால் 'எலும்பா, சதையா' என்ற ஒரு கேள்விக்கு எனக்குத் தெளிவான பதில் கிடைத்தது அப்படிப்பட்ட ஒரு துறையில்தான்.

காங்னாமில் சின்சா, அப்குஜோங் பக்கம் தனியார் கிளினிக்குகளுக்குப் போகும்போது பெயர்ப்பலகையைப் படியுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் சிறப்புத் தகுதி பெற்றவர் மட்டுமே கிளினிக்கின் பெயரிலேயே 'சொங்ஹியோங் வேக்வா' (பிளாஸ்டிக் சர்ஜரி) என்று சேர்த்து எழுதலாம். தகுதி இல்லாதவர் 'இன்ன கிளினிக், சிகிச்சைப் பிரிவு: சொங்ஹியோங் வேக்வா' என்றுதான் பிரித்து எழுத வேண்டும். பலகையில் 'சிகிச்சைப் பிரிவு' என்பது சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணில் படாது. மருத்துவரின் பெயரைக் கொரியப் பிளாஸ்டிக் சர்ஜரி கழகத்தின் தளத்தில் தேடியும் பார்க்கலாம்.

பல இடங்களில் மருத்துவருக்கு முன்னால் 'சில்ஜாங்' என்கிற ஆலோசனை மேலாளர் ஒருவர் உங்களை உட்காரவைத்துப் பேசுவார். அன்பாகப் பேசுவார். ஆனால் அவர் மருத்துவர் இல்லை. மொழிபெயர்ப்பவரும் அந்தக் கிளினிக்கின் சம்பளக்காரர்தான். முடிந்தால் உங்கள் ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். எனக்குச் சுவோனில் இருக்கும் ஓர் அக்கா வந்தார். பதினோரு வருடமாகக் கொரியாவில் இருப்பவர். ஓரிடத்தில் அந்த மேலாளர் சொன்னதையும் மருத்துவர் சொன்னதையும் கேட்டுவிட்டு, தமிழில் என்னிடம், "ரெண்டு பேரும் வேற வேற அறுவை சொல்றாங்கம்மா. எந்திரி, போகலாம்" என்றார். அன்று அவர் இல்லாமல் இருந்திருந்தால் நான் முன்பணம் கட்டியிருப்பேன்.

மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். என் எலும்பு சேர்ந்திருக்கிறதா? எந்த வழியாகத் திறப்பீர்கள், வாய்க்குள் ஈறு வழியாகவும் கிருதா ஓரத்திலுமா, இல்லை தலையின் குறுக்கே காதிலிருந்து காதுவரையா? எத்தனை தகடு, எங்கே? பழைய தகட்டை எடுப்பீர்களா? எலும்பு ஒட்டு தேவைப்படுமா, எங்கிருந்து எடுப்பீர்கள்? மயக்க மருந்து நிபுணர் அறுவை முழுக்க அறையில் இருப்பாரா? மறுபடியும் சேராவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'அப்படி நடக்காது' என்று சொன்னவரிடம் நான் போகவில்லை.

5. பணம்

எனக்கு வந்த மூன்று மதிப்பீடுகள் 90 லட்சம், 1 கோடியே 20 லட்சம், 1 கோடியே 80 லட்சம் வோன். முதல் அறுவையைவிட மறு அறுவை அதிகம் ஆகும். நேரமும் வேலையும் கூடுதல். தொகையைக் கேட்கும்போது அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள்: மயக்க மருந்து, தங்கும் அறை, ஸ்கேன், பழைய தகடு எடுப்பது, எலும்பு ஒட்டு, பின்தொடர் சந்திப்புகள். 90 லட்சம் சொன்ன இடத்தில் இவற்றைக் கூட்டினால் நடுவில் இருந்த தொகையைத் தாண்டியது.

வரி பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. அழகுக்கான அறுவைக்குக் கொரியாவில் 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி உண்டு. விலையைச் சொல்லும்போது வரியை விட்டுவிட்டுச் சொல்வார்கள். ஆனால் அழகு அறுவையால் வந்த பின்விளைவுக்குச் செய்யும் சிகிச்சையை அந்த வரி விதி விலக்கி வைத்திருக்கிறது. சேராத எலும்பைச் சேர்ப்பது உங்கள் அறுவை என்றால், மருத்துவச் சான்றில் அப்படியே எழுதச் சொல்லி, வரி எப்படிப் போடுவீர்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். வடிவத்தை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்த விலக்கு பொருந்தாது.

கொரியாவில் வசிப்பவர்களுக்கு: ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் 2019 ஜூலை முதல் தேசிய மருத்துவக் காப்பீட்டில் கட்டாயம் சேர வேண்டும் என்பதால் உங்களிடம் அது இருக்கும். மாதாமாதம் கட்டுகிறோமே, கொஞ்சமாவது கிடைக்காதா என்று நானும் நினைத்தேன். கிடைக்காது. அழகு அறுவையும் அதன் பின்விளைவுச் சிகிச்சையும் காப்பீட்டில் வராது என்று விதியிலேயே இருக்கிறது. முழுத் தொகையும் கையிலிருந்துதான்.

'இன்றே பதிந்தால் தள்ளுபடி' என்பார்கள். பதிய வேண்டாம். ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கொரியாவின் நுகர்வோர் தகராறு தீர்வு அளவுகோலின்படி, நீங்களாக ரத்து செய்தால், அறுவை நாளுக்கு 3 நாள் முன்புவரை முன்பணத்தில் 90 சதவீதம், 2 நாள் முன்பு 50, முந்தின நாள் 20 சதவீதம் திரும்ப வேண்டும். அன்றைக்கே என்றால் எதுவும் இல்லை. முன்பணம் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கை வைத்துத்தான் கணக்கு. இது கட்டாயச் சட்டம் இல்லை, ஆனால் பேச்சில் எடை உண்டு. தராவிட்டால் 1372 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசலாம்.

அறுவைச் செலவுக்கு மேல் இன்னும் ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். மூன்று வாரம் தங்க அறை, டாக்ஸி, விடுப்பால் போகும் சம்பளம். எனக்கு இது தனியாக 20 லட்சம் வோனைத் தாண்டியது.

6. விசா

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் உள்ளவர்கள் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். குறுகிய சிகிச்சைக்கு சி-3-3, 90 நாள்வரை. நீண்ட சிகிச்சைக்கு ஜி-1-10. வெளிநாட்டு நோயாளிகளை அழைக்கப் பதிவு பெற்ற மருத்துவமனையின் அழைப்புக் கடிதமும், செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்றும் முக்கியம். சென்னையில் கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது. ஏஜென்ட் வழியாகப் போனால் அவருடைய பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாமல் வெளிநாட்டு நோயாளியைக் கூட்டிவருவது அங்கே குற்றம். அப்படிப்பட்டவர் மூலம் போய்ச் சிக்கல் வந்தால், பதில் சொல்ல ஆள் இருக்காது. படிப்புக்கோ வேலைக்கோ ஏற்கெனவே கொரியாவில் இருப்பவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை.

7. கையெழுத்துப் போடும் முன்

ஒப்புதல் படிவம் அறுவையன்று காலையில், வெறும் வயிற்றோடு, பதற்றத்தோடு இருக்கும்போதுதான் கையில் வரும். முந்தின சந்திப்பிலேயே கேட்டு வாங்கி வீட்டில் படியுங்கள். அறுவை செய்யும் முதன்மை மருத்துவரின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் மாறினால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆலோசனை சொன்னவர் ஒருவர், மயங்கிய பிறகு வெட்டுகிறவர் வேறொருவர் என்ற கொடுமை அங்கே நடந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சட்டங்கள் வந்தன. பெயர் வெற்றாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

2023 செப்டம்பர் 25 முதல், நோயாளி முழு மயக்கத்தில் இருக்கும் அறுவை அறைகளில் கேமரா இருந்தாக வேண்டும். ஆனால் அது தானாகப் பதிவாகாது. நீங்கள் கேட்டால்தான் பதிவு செய்வார்கள். அறுவைக்கு முன்பே அதற்கான படிவத்தில் எழுதிக் கொடுங்கள். குறைந்தது 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் சந்தேகம் வந்தால் அழிக்க வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

8. பழைய கிளினிக் 'இலவசமாகச் செய்து தருகிறோம்' என்றால்

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கூடவே ஒரு தாள் நீட்டினார்கள். 'ஹபுயிசோ', அதாவது சமரச ஒப்பந்தம், என்று தலைப்பு. இனி வழக்கோ புகாரோ செய்ய மாட்டேன், வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். இலவசம் என்பது தவறில்லை. அந்த மருத்துவரே நன்றாகச் சரிசெய்யவும் கூடும். ஆனால் ஏன் சேரவில்லை என்று அவர் விளக்கவில்லை என்றால், இரண்டாவது முறை மட்டும் எப்படிச் சேரும்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வெளியே ஒரு கருத்து வாங்கிய பிறகு முடிவெடுங்கள். அந்தத் தாளைக் கொரியம் நன்றாகத் தெரிந்தவர் படிக்காமல் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

இழப்பீடு கேட்க நினைத்தால் கொரிய மருத்துவத் தகராறு சமரச நடுவர் நிறுவனம் இருக்கிறது. 2012 முதல் இயங்குகிறது. வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கிளினிக் 14 நாளுக்குள் சம்மதிக்காவிட்டால் இதுபோன்ற வழக்குகளில் விண்ணப்பம் அப்படியே முடிந்துவிடும். சம்மதித்தால் 90 நாளில் முடிவு, தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். பாதிப்பும் அதற்கு யார் காரணம் என்பதும் தெரிந்ததிலிருந்து 3 வருடம், அறுவை நடந்ததிலிருந்து 10 வருடம் என்பது கெடு. மறு அறுவை செய்துவிட்டால் பழைய நிலைக்குச் சாட்சி ஸ்கேன் மட்டும்தான் என்பதால், அதற்கு முன்பே புதிய ஸ்கேனும் மருத்துவச் சான்றும் கையில் இருக்கட்டும்.

கோபத்தில் கிளினிக் பெயரைப் போட்டு இணையத்தில் எழுதிவிடாதீர்கள். கொரியாவில் உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம், அது குற்றவியல் வழக்கு. நான் இங்கே பெயர் சொல்லாததற்கும் அதுதான் காரணம், தயவுசெய்து கேட்காதீர்கள்.

9. அறுவையும் பிறகு வரும் வாரங்களும்

இரண்டு வாரம் முன்பே மாத்திரைப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம் எல்லாம் சேர்த்து. புகைப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும். நிகோடின் எலும்பு சேர்வதைக் கெடுக்கும். இரண்டாவது முறையும் சேராமல் போவதற்கு நீங்களே காரணமாகிவிடாதீர்கள்.

எனக்கு அறுவை நான்கு மணி நேரம், ஓர் இரவு தங்கல். ஈறு வழியாகவும் கிருதா ஓரப் பழைய தழும்பு வழியாகவும் திறந்தார்கள். முன்பக்கம் இரண்டு, வளைவில் ஒன்று என்று தகடு போட்டார்கள். எலும்பு ஒட்டு தேவைப்படவில்லை. முதல் மூன்று நாள் கடினமானவை: மூக்கடைப்பு, தொண்டை வலி, கண்வரை ஏறிய வீக்கம். தலையை உயர்த்திப் படுக்க நான்கு தலையணை வாங்கி வைத்திருந்தேன். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது.

சாப்பாட்டுக்குக் கொரிய 'ஜுக்' கஞ்சி எந்தத் தெருவிலும் கிடைக்கும். நாலாம் நாள் நாக்கு செத்துப்போகும். அந்தச் சுவோன் அக்கா மிளகு போடாத ரசம் சாதத்தை மிக்ஸியில் அடித்துக் கொண்டுவந்தார், ராகிக் கூழும் காய்ச்சித் தந்தார். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் அவர்கள் தரும் மருந்து நீரில் கொப்பளிக்க வேண்டும், வாய்க்குள் தையல் இருக்கிறது. ஆறு வாரம் மென்மையான உணவுதான். முறுக்கு, கடலை, கரும்பு, சூயிங்கம் எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். எலும்பைக் கீழே இழுக்கிற அதே தசைதான் மெல்லுகிறது என்பதை நினைத்துக்கொண்டால் ஆசை அடங்கும். வாய் திறக்கும் பயிற்சியை மருத்துவர் சொன்ன நாளில் தொடங்குங்கள், முன்கூட்டி வேண்டாம்.

கிருதா ஓரத் தையல் ஏழாம் நாள், வாய்க்குள் இருப்பது பதினான்காம் நாள் பிரித்தார்கள். இரண்டு வாரத்தில் விமானம் ஏறலாம் என்றார்கள், ஆனால் மூன்று வாரத்துக்குத் திட்டமிடுங்கள். எனக்குப் பன்னிரண்டாம் நாள் காதோரம் சிறிய சீழ் கட்டி, அதை வடிக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

கிளம்பும் முன் இரண்டாம் படியில் சொன்ன அதே பட்டியலை இந்த மருத்துவமனையிலும் கேட்டு வாங்குங்கள்: அறுவைப் பதிவு, தகட்டின் ஸ்டிக்கர், அறுவை முடிந்ததும் எடுத்த ஸ்கேனின் டிஸ்க். ஆறாம் மாதம் அதே மாதிரி மெல்லிய வெட்டில் ஒரு சி.டி. ஸ்கேன். ஊரில் எடுத்து அனுப்பினாலும் பார்த்துச் சொல்வீர்களா, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். டிஸ்க் ஓட்டும் லேப்டாப் இப்போது பலரிடம் இல்லை. கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்குள் வரவேற்பறையிலேயே ஒருமுறை திறந்து, கோப்புகள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.